ஸ்கோர்போர்டு தப்பா காட்டினா என்ன ஆகும்? தகரப் பலகையிலிருந்து ரியல் டைம் வரை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். போன வருஷம் எங்க ஊர்ல நடந்த ஒரு டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல, ஸ்கோர்போர்டு ஒரு ரன் அதிகமா காட்டினதால ஒரு டீம் வெளிய போச்சு. அந்த ஸ்கோர்போர்டு சாஃப்ட்வேரை எழுதினது நான்தான்.

என்ன நடந்ததுன்னு கடைசியில முழுசா சொல்றேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் எனக்கு மண்டைக்குள்ள ஒரே கேள்விதான். மைதானத்துல ஒரு பலகை, அதுல நாலு எண். இதை மனுஷங்க 150 வருஷத்துக்கு மேல செஞ்சுட்டு வர்றாங்க. நான் இன்ஜினியரிங் படிச்சு, வேலையில தினமும் சர்வர் பக்கம் கோட் எழுதுறவன். எனக்கு ஏன் அது சரியா வரல? அதைத் தேடிப் போனப்ப கிடைச்சதுதான் இந்த எபிசோட்.

ஸ்கோர்போர்டும் ஸ்கோர் புக்கும் ஒண்ணு இல்லை

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்குவோம். ஸ்கோரைப் பதிவு பண்றது ஒரு வேலை. ஸ்கோரைக் காட்டுறது வேற வேலை. கிரிக்கெட்ல இந்தப் பிரிவு ரொம்பத் தெளிவா இருக்கு. பதிவு பண்றவங்க ஸ்கோரர்கள். அவங்க நோட்டுல இருக்கிறதுதான் கணக்கு. பலகையில தெரியறது அதோட நகல், அவ்வளவுதான்.

கிரிக்கெட் விதிகள்ல மூணாவது விதி முழுக்க ஸ்கோரர்களைப் பத்தினது. ரெண்டு ஸ்கோரர்கள் இருக்கணும், அடிக்கடி ரெண்டு பேரும் கணக்கை ஒப்பிட்டுப் பாத்துக்கணும்னு அது சொல்லுது. அம்பயர் கையை நீட்டி வைடு காட்டினா, ஸ்கோரர் பதிலுக்கு "பாத்துட்டேன்"னு கை தூக்கணும். அந்தப் பதில் வர்ற வரைக்கும் அம்பயர் ஆட்டத்தைத் தொடர விடக்கூடாது.

நெட்வொர்க்கிங் படிச்சவங்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஒரு பாக்கெட் அனுப்பறோம், எதிர்ப்பக்கத்துல இருந்து அக்னாலெட்ஜ்மென்ட் வருது, வரலைன்னா மறுபடி அனுப்பறோம். டி.சி.பி. செய்யறது இதைத்தான். கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல வெள்ளைக் கோட்டு போட்ட ரெண்டு பேரும், கொட்டகையில உக்காந்திருந்த ரெண்டு பேரும் இதை ஒழுங்கா பண்ணிட்டு இருந்தாங்க.

இந்த விதியை மனசுல வச்சுக்கோங்க. என்னோட தப்பு சரியா இந்த இடத்துலதான் இருக்கு.

தகரத் தகடுகளின் காலம்

லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல 1846-ல ஒரு ஸ்கோர்போர்டு வந்தது. அதுக்கு அவங்க வச்ச பேர் 'டெலிகிராஃப்'. எலெக்ட்ரிக் தந்தின்னு நினைச்சுக்காதீங்க. தூரத்துல இருக்கறவங்களுக்குச் சேதி சொல்ற பலகைங்கற அர்த்தம்தான். ரெண்டு வருஷம் கழிச்சு, 1848-ல, அங்கேயே அச்சடிச்ச ஸ்கோர்கார்டு விக்க ஆரம்பிச்சாங்க. ஆக, நேரடித் தகவலும் அச்சுத் தகவலும் கிட்டத்தட்ட ஒரே காலத்துல மைதானத்துக்குள்ள வந்துருச்சு.

கையால இயக்குற பலகைகள்ல ரொம்பப் பேர் வாங்கினது ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு ஓவல்ல இருக்கிறது. 1911-ல கட்டினது. வடிவமைச்சவர் கென்னத் மில்ன்ங்கற கட்டடக் கலைஞர். பலகைன்னு சொல்றோமே தவிர, அது ஒரு கட்டடம். உள்ள பல தளங்கள் இருக்கு, ஆட்கள் ஏறி இறங்கி எண்களை மாத்துவாங்க. பேட்ஸ்மேன்கள், பௌலர்கள், அவங்கவங்க கணக்கு எல்லாமே அதுல தெரியும். இன்னைக்கும் அது கையாலதான் ஓடுது.

நம்ம ஊர்ப் பலகை இதைவிட எளிமையானது. கறுப்பு பெயின்ட் அடிச்ச தகரம், வரிசையா ஆணி, அதுல மாட்ட 0-லிருந்து 9 வரைக்கும் வெள்ளையில எழுதின தகடுகள். பலகைக்குப் பக்கத்துல ரெண்டு சின்னப் பசங்க நிப்பாங்க. ஸ்கோரர் மேசையிலிருந்து "நாப்பத்தேழுக்கு மூணு!"ன்னு ஒரு குரல் வரும், பசங்க தகட்டை மாத்துவாங்க. சில நேரம் 7 தகடு தீர்ந்து போயிருக்கும். 1-ஐத் தூக்கி மாட்டிட்டு மேல சாக்பீஸால ஒரு கோடு போட்டுடுவாங்க. (சிரிப்பு)

இதுல தாமதம் உண்டு. பேட்ஸ்மேனோட தனி ஸ்கோர் ஓவர் முடிஞ்சாத்தான் மாறும். நடுவுல பலகை கொஞ்சம் பழைய தகவலைக் காட்டும், ஆனா கொஞ்ச நேரத்துல சரியான எண்ணுக்கு வந்து சேர்ந்துடும். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ்ல 'ஈவென்சுவல் கன்சிஸ்டன்சி'ன்னு சொல்றது இதைத்தான்.

இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கு. தகடு மாட்டற பையன் கூட்டல் போடறதில்லை. "நாப்பத்தேழு"ன்னு மொத்த எண்ணைச் சொல்றாங்க, அவன் 47 மாட்டறான். அதே 47-ஐ ரெண்டு தடவை கத்தினாலும் பலகையில 47-தான் இருக்கும். ஒரே கட்டளை ரெண்டு தடவை வந்தாலும் முடிவு மாறாது. இந்தக் குணத்துக்கு எங்க துறையில 'ஐடெம்பொட்டன்ஸ்'னு ஒரு வாய்க்குள்ள நுழையாத பேர் இருக்கு. அந்தப் பையனுக்குப் பேர் தெரியாது, ஆனா சரியா பண்ணான்.

பல்புகள் வந்தன, இலக்கம் போதவில்லை

அடுத்தது மின்சாரப் பலகை. ஒரு எண்ணை எப்படி விளக்குகளால காட்டறது? ரெண்டு வழி. கால்குலேட்டர்ல பாத்திருப்பீங்களே, 8 மாதிரி ஏழு கோடுகள். எந்தக் கோடுகள் எரியணும்னு முடிவு பண்ணா எந்த எண்ணும் வரும். அது செவன் செக்மென்ட். இன்னொண்ணு, அகலத்துக்கு 5, உயரத்துக்கு 7-ன்னு 35 பல்புகளைக் கட்டமா அடுக்கறது. இதுல எழுத்துகளும் காட்டலாம்.

இந்தக் காலத்துல நடந்த ஒரு சம்பவத்தை ஒவ்வொரு புரோகிராமரும் தெரிஞ்சு வச்சுக்கணும். 1976 ஜூலை 18, மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ். ருமேனியாவைச் சேர்ந்த 14 வயசுப் பொண்ணு நாடியா கோமனேச்சி, அன்ஈவன் பார்ஸ்ல தன்னோட வரிசையை முடிச்சு இறங்கறாங்க. எல்லாரும் பலகையைப் பாக்கறாங்க. பலகையில வந்த எண் 1.00.

கூட்டத்துக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அறிவிப்பு வருது: அது பத்துக்குப் பத்து. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாற்றுல முதல் முழு மதிப்பெண். பலகையில புள்ளிக்கு முன்னாடி ஒரே ஒரு இலக்கத்துக்குத்தான் இடம். 9.95 காட்டலாம், 10.00 காட்ட முடியாது. பத்து யாரும் வாங்கப் போறதில்லைங்கற நம்பிக்கையில அந்தப் பலகை அப்படி அமைஞ்சிருந்தது. அந்த ஒலிம்பிக்ஸ்லயே நாடியா ஏழு தடவை பத்து வாங்கினாங்க.

இதை நாம சிரிச்சுட்டுக் கடந்து போயிடலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க, நாம ஒவ்வொரு டேட்டாபேஸ் டேபிள் போடும்போதும் இதைத்தான் பண்றோம். "இந்த ஃபீல்டுக்கு இவ்வளவு போதும்". யாருக்குப் போதும்? இதுவரைக்கும் வந்த ஆட்களுக்குப் போதும். இதுவரைக்கும் வராத ஒருத்தர் வந்து நின்னா, அவரோட வாழ்க்கையிலேயே பெரிய நிமிஷத்துல நம்ம சிஸ்டம் 1.00-ன்னு காட்டும்.

1980-ல லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் ஸ்டேடியத்துல மிட்சுபிஷியோட 'டயமண்ட் விஷன்' திரை வந்தது. பேஸ்பால் ஆட்டத்தோட வீடியோவையே பெரிய திரையில காட்டினாங்க. கொஞ்ச நாள்ல கிரிக்கெட்டுக்கும் வந்துருச்சு. 1982-ல மெல்போர்ன் மைதானத்துல வண்ண வீடியோ திரை வந்ததும், அங்க இருந்த பழைய கைப்பலகையை எடுத்துட்டாங்க. அது இப்போ கான்பெரா மானுகா ஓவல்ல இருக்கு, ஜாக் ஃபிங்கிள்டன் பேர்ல.

வீடியோ திரை வந்தப்ப உள்ளுக்குள்ள ஒரு பெரிய மாற்றம் நடந்தது. தகரப் பலகையில 47-ங்கறது ஒரு பொருள், கையால தொடலாம். திரையில அது வெறும் புள்ளிகள். 47-ஐக் காட்டுற அதே இடத்துல விளம்பரமும் வரும், ரீப்ளேயும் வரும். என்ன காட்டணும்னு முடிவு பண்ற வேலை பலகையை விட்டுட்டு சாஃப்ட்வேருக்குப் போயிருச்சு.

எண் சரி, அர்த்தம் தப்பு

சாஃப்ட்வேர் கையில போனதும் பலகை கணக்கும் காட்ட ஆரம்பிச்சது. இன்னும் எத்தனை ரன், எத்தனை பந்து, ஓவருக்கு எவ்வளவு வேணும். இங்கதான் ரெண்டு பிரபலமான சோகக் கதைகள் வருது. ரெண்டுமே தென்னாப்பிரிக்காவோடது, பாவம்.

முதல் கதை, 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. இங்கிலாந்துக்கு எதிரா தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துல 22 ரன் வேணும். மழை. அப்போ இருந்த விதிப்படி, இழந்த ஓவர்களுக்காக, முதல்ல ஆடின டீமோட குறைவான ரன் வந்த ஓவர்களைக் கழிப்பாங்க. இங்கிலாந்து ரொம்பக் குறைவா எடுத்த ஓவர்கள்ல ஒரே ஒரு ரன்தான் வந்திருந்தது. அதனால பந்துகள் 12 குறைஞ்சது, ரன் ஒண்ணுதான் குறைஞ்சது. மழை விட்டதும் மைதானத் திரை காட்டினது: ஒரு பந்துல 22 ரன். உண்மையில 21. திரையில அந்த ஒரு ரன் தப்பு. ஆனா 21-ஆ இருந்தா மட்டும் என்ன? அந்த விதியே ஒரு கேலிக்கூத்துன்னு ஒரே ஒரு வரியில உலகத்துக்குக் காட்டினது அந்தத் திரைதான். டக்வொர்த், லூயிஸ் ரெண்டு பேரோட முறை 1997 ஜனவரி 1-ல ஹராரேயில ஜிம்பாப்வே, இங்கிலாந்து ஆட்டத்துலதான் முதல் முறையா சர்வதேசப் போட்டிக்கு வந்தது.

ரெண்டாவது கதை, 2003 உலகக் கோப்பை, டர்பன். எதிரணி இலங்கை, 268 ரன் எடுத்திருக்காங்க. மழை வரப் போகுது. டக்வொர்த் லூயிஸ் தாளைக் கையில வச்சுக்கிட்டு, 45 ஓவர் முடிவுல 229 வேணும்னு உள்ள இருந்து மார்க் பவுச்சருக்குத் தகவல் போகுது. முரளிதரன் வீசின அந்த ஓவரோட அஞ்சாவது பந்துல பவுச்சர் சிக்ஸர் அடிக்கிறார். ஸ்கோர் 229. ஜெயிச்சாச்சுன்னு நினைச்சு, கடைசிப் பந்தை விக்கெட் போகாம தட்டி வச்சுடறார். மழை கொட்டுது, ஆட்டம் நின்னு போச்சு.

அந்தத் தாள்ல இருந்த 229, சமன் ஆகறதுக்கான எண். ஜெயிக்க 230 வேணும். ஆட்டம் டை ஆச்சு, போட்டியை நடத்தின தென்னாப்பிரிக்கா சூப்பர் சிக்ஸுக்குப் போகாம வெளிய வந்தது.

இங்க எந்த எண்ணும் தப்பில்லை. தாள் சரி, பலகை சரி, கூட்டலும் சரி. 229-ங்கற எண்ணுக்குப் பக்கத்துல "இது டை, இன்னும் ஒண்ணு வேணும்"னு ஒரு வார்த்தை இல்லை. நாம எழுதற ஏ.பி.ஐ.-ல ஒரு ஃபீல்டுக்கு 'டார்கெட்'னு பேர் வச்சுட்டுப் போயிடறோம். டார்கெட்னா எட்ட வேண்டியதா, தாண்ட வேண்டியதா? இதை எழுதி வைக்காத ஒவ்வொரு இடத்துலயும் ஒரு பவுச்சர் கடைசிப் பந்தைத் தட்டி வைக்கப் போறார்.

மைதானத்தை விட்டு வெளியே வந்த பலகை

1993-ல ஸ்கோர்போர்டு மைதானத்தை விட்டே வெளிய வந்துருச்சு. அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல இருந்த சைமன் கிங்ங்கறவர் ஆரம்பிச்சதுதான் கிரிக்இன்ஃபோ. ஐ.ஆர்.சி.-ங்கற பழைய அரட்டை வசதியில, ஊரை விட்டுப் போன மாணவர்கள் ஒண்ணா உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் ஸ்கோர் சொல்லிட்டு இருந்தாங்க. "ஸ்கோர் என்ன?"ன்னு புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் கேட்டா எத்தனை தடவை பதில் சொல்றது? அதனால கேட்டா பதில் சொல்ற ஒரு பாட் எழுதினாங்க. இந்த கிரிக்இன்ஃபோவோட இணை நிறுவனர்கள்ல ஒருத்தர் நம்ம பத்ரி சேஷாத்ரி. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்சு கார்னெல் போனவர். கிழக்கு பதிப்பகம் புத்தகம் வாங்கினவங்களுக்கு அந்தப் பேர் தெரிஞ்சிருக்கும், அவரேதான்.

அப்புறம் வெப் பக்கம் வந்தது. நாமளே எஃப்5 தட்டித் தட்டி ரெஃப்ரெஷ் பண்ணுவோம். அதுக்கப்புறம் பக்கமே நமக்குப் பதிலா சில விநாடிகளுக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்கும். இதுக்குப் பேர் போலிங். கேட்கறதுக்குச் சாதாரணமா இருக்கும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

10 லட்சம் பேர் பாக்கறாங்க, ஒவ்வொருத்தர் போனும் 5 விநாடிக்கு ஒரு தடவை கேட்குதுன்னு வைங்க. விநாடிக்கு 2 லட்சம் கேள்வி. ஒரு ஓவருக்குச் சுமாரா 4 நிமிஷம்னா, ஒரு பந்துக்கு 40 விநாடி. அந்த 40 விநாடியில ஒவ்வொரு போனும் 8 தடவை "ஏதாவது மாறிச்சா?"ன்னு கேட்குது. 7 தடவை பதில் "இல்லை". கல்யாண வீட்டுல பந்தி ரெடியான்னு ஒவ்வொருத்தரா எழுந்து போய் சமையல்காரரைக் கேட்டா அவர் எப்போ சமைப்பாரு? "ரெடி ஆனதும் நாங்களே கூப்பிடறோம், உக்காருங்க"ன்னு சொல்றதுதான் நல்லது.

அப்படிக் கூப்பிடற முறைதான் வெப்சாக்கெட். 2011-ல அதுக்கு முறையான தரநிலை வந்தது. போனுக்கும் சர்வருக்கும் நடுவுல ஒரு கனெக்‌ஷன் திறந்தே இருக்கும். பந்து விழுந்ததும் சர்வரே தகவலைத் தள்ளிவிடும். ஆனா இதுலயும் செலவு இருக்கு, லட்சக்கணக்கான கனெக்‌ஷனைத் திறந்து வச்சிருக்கணும். அதனால பல இடங்கள்ல நடு வழி பிடிக்கிறாங்க. போலிங்தான், ஆனா பதிலை ஒரு விநாடி, ரெண்டு விநாடி சி.டி.என்.-ல கேஷ் பண்ணி வச்சுடுவாங்க. 2 லட்சம் பேர் கேட்டாலும் மூல சர்வருக்கு வர்றது ஒண்ணு ரெண்டு கேள்விதான்.

நம்ம நாட்டுல இந்தக் கூட்டம் எவ்வளவு பெருசுன்னா, 2019 உலகக் கோப்பை இந்தியா, நியூசிலாந்து அரையிறுதியில ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 2.53 கோடிப் பேர் இருந்தாங்க. 2023 இறுதிப் போட்டியில 5.9 கோடி. தோனி அவுட் ஆனதும் கூட்டம் கலையுமே, லோடு குறையுமேன்னு தோணும். ஆனா எல்லாரும் ஒரே விநாடியில பேக் பட்டனை அழுத்துவாங்க, அத்தனை பேருக்கும் முகப்புப் பக்கம் லோட் ஆகணும். வீடியோவுக்குத் தயாரா இருந்த சிஸ்டத்துக்கு அந்த நிமிஷம் வேற பக்கத்துல இருந்து அடி விழும்.

இன்னொரு சிக்கல் நேரம். ஆப்ல வர்ற வீடியோ சில விநாடித் துண்டுகளா வெட்டப்பட்டு வரும். அதனால மைதானத்துல நடந்து பல விநாடி கழிச்சுத்தான் நமக்குத் தெரியும். ஸ்கோர் நோட்டிஃபிகேஷன் குட்டியூண்டு, அது முன்னாடியே ஓடி வந்துடும். பௌலர் ஓடி வரும்போதே போன் "விக்கெட்!"னு சொல்லிடும். பக்கத்து வீட்டு டி.வி. கத்தறதும் இதே கதைதான். வேகமா தர்றதுதான் ரியல் டைம்னு நினைச்சா இங்க மாட்டிக்குவோம். பாக்கறவர் எங்க இருக்காரோ அந்த நேரத்துக்குச் சரியா தரணும்.

இப்போ என் கதை

சரி, வாக்குமூலத்துக்கு வருவோம். எட்டு ஓவர் மேட்ச். முதல்ல ஆடின டீம் 71. ரெண்டாவது டீமுக்கு 72 வேணும். மைதானத்து ஓரத்துல வாடகைக்கு எடுத்த எல்.இ.டி. பலகை, அதுக்கு ஒரு லேப்டாப், என் போன்ல ஸ்கோர் போடற ஆப், நெட்டுக்கு ஹாட்ஸ்பாட். வழக்கமா ஸ்கோர் எழுதற ரிட்டயர்டு பி.டி. சார் நோட்டோட வந்து உக்காந்தார். "சார், இந்தத் தடவை ஆப்பே பாத்துக்கும்"னு நான்தான் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "நீ பாட்டுக்குப் போடு தம்பி, நான் பாட்டுக்கு எழுதறேன்"னார்.

கடைசிப் பந்து. பலகையில 71. ஒரு ரன் எடுத்தா ஜெயிப்பு. பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன் பேட்டிங். டீப் மிட்விக்கெட் பக்கம் தட்டிட்டு ஒரு ரன் ஓடி முடிச்சு, பேட்டைத் தூக்கிட்டான். பலகை 72. எல்லாரும் உள்ள ஓடி வந்துட்டாங்க. ஃபீல்டர் அப்போதான் பந்தை எடுக்கறார். தாராளமா ரெண்டாவது ரன் ஓடியிருக்கலாம்.

பி.டி. சார் மட்டும் எழுந்திருக்கல. நோட்டைக் கூட்டிப் பாத்தார், மறுபடி கூட்டினார். "தம்பி, எனக்கு 71-தான் வருது."

அவர் சரி. எப்படித் தெரியும்னா, ஸ்கோர் புக்ல ஒரே ரன் ரெண்டு இடத்துல ஏறும். பேட்ஸ்மேன்கள் எடுத்த ரன்னோட எக்ஸ்ட்ராஸைக் கூட்டினா ஒரு எண். பௌலர்கள் விட்ட ரன்னோட பை, லெக் பையைக் கூட்டினா இன்னொரு எண். பெனால்டி ரன் எதுவும் இல்லைன்னா ரெண்டும் ஒத்துப் போகணும். கடைக் கணக்குல வரவு செலவு டேலி ஆகற மாதிரி. அவர் நோட்டுல ரெண்டும் 71.

ஆறாவது ஓவர்ல ஒரு வைடு. நான் பட்டனை அழுத்தினேன், சர்வர் ஒரு ரன் கூட்டிடுச்சு. பதில் திரும்பி வரும்போது ஹாட்ஸ்பாட் விட்டுப் போச்சு. பதில் வரலையேன்னு ஆப் மறுபடி அனுப்பிச்சு. சர்வர் மறுபடி ஒண்ணு கூட்டிடுச்சு. வைடுக்குப் பந்து எண்ணிக்கை ஏறாதில்லையா, அதனால ஓவர் கணக்குல எந்த வித்தியாசமும் தெரியல. நோ பால் தவிர வேற எந்தப் பந்தா இருந்தாலும் ஓவர் கணக்கு இடிச்சிருக்கும், பிடிச்சிருப்போம்.

ஆட்டம் டைன்னு அறிவிச்சாங்க. சூப்பர் ஓவருக்கு வெளிச்சம் இல்லை. காசு சுண்டினாங்க, அந்தப் பையனோட டீம் தோத்துச்சு. அவன் எங்கிட்ட சண்டை போடல. "போர்டைப் பாத்துதானேண்ணே ஓடினேன்"னு மட்டும் சொன்னான். அவ்வளவுதான். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

என்ன மாத்தினேன்

என் முதல் தப்பு, "ஒண்ணு கூட்டு"ன்னு அனுப்பினது. தகடு மாட்டற பையனுக்கு யாரும் "ஒண்ணு கூட்டு"ன்னு சொன்னதில்லை. இப்போ ஒவ்வொரு நிகழ்வுக்கும் போன்லயே ஒரு தனி அடையாள எண் உருவாகும். அதே எண்ணோட ரெண்டாவது தடவை வந்தா, சர்வர் "இது ஏற்கனவே இருக்கு"ன்னு பதில் மட்டும் சொல்லும், கூட்டாது.

ரெண்டாவது தப்பு, மொத்த ஸ்கோரை ஒரு எண்ணா சேமிச்சது. இப்போ மொத்தத்தைச் சேமிக்கறதே இல்லை. ஒவ்வொரு பந்தையும் வரிசையா எழுதி வைக்கிறோம். மொத்தம், பேட்ஸ்மேன் ரன், பௌலர் கணக்கு, ரன் ரேட், எல்லாமே அந்த வரிசையிலிருந்து கணக்குப் போட்டு வர்றதுதான். ஃபோர்னு பதிவான பந்தை அம்பயர் பிறகு ரெண்டு ரன்னுன்னு மாத்தினா, பழைய வரியை அழிக்க மாட்டோம். "அந்தப் பந்துக்கு இது திருத்தம்"னு புது வரி சேரும், எல்லா எண்ணும் தானா சரியாகும். இதுக்கு ஈவென்ட் சோர்சிங்னு பேர். பி.டி. சார் நோட்டு பூரா அதுதான். புள்ளி, ஒண்ணு, நாலு, வைடுன்னு ஒவ்வொரு பந்தும் இருக்கும், மொத்தம் கடைசியில வரும்.

மூணாவது தப்புதான் பெருசு. இருந்த ஒரு சரிபார்ப்பை நானே தேவையில்லைன்னு ஒதுக்கினேன். இப்போ ஒவ்வொரு ஓவர் முடிவுலயும் ஆப், ஸ்கோரர் நோட்டுல இருக்கிற மொத்தத்தைக் கேட்கும். ரெண்டும் ஒத்துப் போனா பலகையில ஒரு பச்சைப் புள்ளி. ஒத்துப் போகலைன்னா ஸ்கோர் இருக்கிற இடத்துல கோடுதான் வரும், எண் வராது. பாக்கறவங்க கத்துவாங்க, பரவாயில்லை. தப்பான எண்ணைவிட காலிப் பலகை மேல். காலியா இருந்தா பேட்ஸ்மேன் வாய் திறந்து கேட்பான். எண் இருந்தா நம்பிடுவான்.

அடிலெய்டு ஓவலைப் புதுசா கட்டினப்ப பெரிய வீடியோ திரை வச்சாங்க, ஆனா 1911 பலகையை எடுக்கல. பழமைக்கு மரியாதைன்னுதான் முன்னாடி நினைச்சேன். இப்போ எனக்கு வேற மாதிரியும் தோணுது. ரெண்டு பலகை இருந்தா, ஒண்ணு தப்பா காட்டும்போது யாராவது ஒருத்தராவது திரும்பிப் பாத்து "இருங்க, அங்க வேற எண் இருக்கே"ன்னு சொல்லுவாங்க.

இந்த வருஷமும் அந்த டோர்னமென்ட் நடந்தது. அதே பையன் வந்திருந்தான், காலேஜ் சேர்ந்துட்டான். கடைசி ஓவருக்கு முன்னாடி பவுண்டரி கோட்டுல நின்னுக்கிட்டு பலகையைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாக்காம நேரா பி.டி. சார்கிட்ட, "சார், எவ்வளவு வேணும்?"னு கேட்டான். சார் நோட்டைப் பாத்துச் சொன்னார். பலகையிலயும் அதே எண்தான் இருந்தது. எனக்கு அது போதும்.

இதுதான் இன்னைக்கு எபிசோட். உங்க ஊர் மைதானத்துல ஸ்கோர்போர்டு எப்படி ஓடுது, யார் எண் மாத்தறாங்க, எப்போவாவது கணக்குல தகராறு வந்திருக்கான்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த தடவை அதையும் சேத்துப் பேசுவோம். அதுவரைக்கும், கோட் எழுதறவங்க ரீட்ரை லாஜிக்கை ஒரு தடவை திறந்து பாருங்க.